எதிர்முனையில் என்ன தெரிகிறது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் ஒருவர், சாம்பிள் பற்றிய கேள்விகளையெல்லாம் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியே எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் இடத்துக்கு வந்த மெர்ச்சண்டைசர், "அவர் இப்போது இங்கே இல்லை, நான்தான் பார்க்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் விளக்கி எழுதுவார். அடுத்த மெயிலிலும் பழைய பெயரே வரும். பையர் சரியாகப் படிப்பதில்லை என்று அலுவலகத்தில் முடிவு கட்டிவிட்டார்கள்.

சிறு அலுவலகங்களுக்குக் கணினியும் மெயிலும் பராமரிப்பது என் தொழில். வேறு வேலையாக அங்கே போயிருந்தபோது இந்தப் புலம்பல் காதில் விழுந்தது. பையருக்குப் போன மெயில் ஒன்றை அவரிடமிருந்தே திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தோம். மேலே அளவு அட்டவணை. அது முடிந்து, நீண்ட நிபந்தனைகள் முடிந்து, கீழே பழைய மெர்ச்சண்டைசரின் பெயர், பதவி, கைப்பேசி எண். அதற்கும் கீழே புதியவரின் பெயர். பையர் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார். முதலில் கண்ணில் பட்ட பெயருக்குப் பதில் எழுதியிருக்கிறார்.

டெம்ப்ளேட்டும் சிக்னேச்சரும் மோதும் இடங்களில் இதுதான் ஆகச் சாதாரணமானது. சிக்னேச்சர் என்பது, புது மெயில் திறக்கும்போது மென்பொருள் தானாக ஒட்டிவிடுவது. டெம்ப்ளேட் என்பது, சேமித்த நிமிடத்தில் அந்தப் பெட்டிக்குள் இருந்த எல்லாமும் அப்படியே உறைந்து நிற்பது. பழையவர் டெம்ப்ளேட் செய்தபோது அவருடைய சிக்னேச்சரும் உள்ளே இருந்திருக்கிறது. அதையும் சேர்த்தே சேமித்துவிட்டார். புதியவர் சிக்னேச்சரை எத்தனை முறை திருத்தினாலும் உறைந்துபோனது மாறாது. ஜிமெயிலிலும் இதே கதைதான். டெம்ப்ளேட்டாகச் சேமிக்கும் முன் சிக்னேச்சர் முழுவதையும் அழித்துவிட வேண்டும். யாராவது வேலையை விட்டுப் போனால், அவர் பெயரையும் எண்ணையும் வைத்து அலுவலகத்தின் டெம்ப்ளேட்டுகள் அனைத்திலும் ஒரு தேடல் நடத்த வேண்டும். திருப்பூரில் அன்று தேடியபோது அந்தப் பெயர் பதினோரு டெம்ப்ளேட்டுகளில் கிடைத்தது.

அந்த அலுவலகத்தில் எட்டு மாதமாக யாருக்கும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. அனுப்புகிறவர் தன் மெயிலை எதிர்முனையிலிருந்து பார்ப்பதே கிடையாது. கோளாறுகள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. அதனால் எந்தப் புகாரிலும் முதல் வேலை, அனுப்பியவர் திரையைப் பார்ப்பதல்ல. வாங்கியவர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது. அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், விண்டோஸ் கணினியில் ஓர் அவுட்லுக், ஆண்ட்ராய்டில் ஒரு ஜிமெயில், ஓர் ஐபோன் என்று மூன்று முகவரிகளுக்கு அனுப்பிப் பார்க்கலாம். மூன்றிலும் ஒரே மாதிரி தெரிந்தால் நிம்மதி. பெரும்பாலும் தெரியாது.

ஏன் தெரியாது? 2007 பதிப்பிலிருந்து விண்டோஸின் பழைய வகை அவுட்லுக், மெயிலை உலாவியைப் போலக் காட்டுவதில்லை. வேர்ட் மென்பொருளின் எஞ்சினைக் கொண்டு காட்டுகிறது. இணையப் பக்கத்தில் அழகாக நிற்கிற வட்டமூலைப் பெட்டியும் பின்னணிப் படமும் அதில் குலைந்துபோகும். அதனால்தான் இன்றும் மெயில் டெம்ப்ளேட் வடிவமைப்பவர்கள், இணையதளக்காரர்கள் எப்போதோ கைவிட்ட அட்டவணை முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். லோகோ ஒரு கட்டம், பெயரும் எண்ணும் இன்னொரு கட்டம், படத்தின் அகலம் படக் குறியீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய முறைதான். ஆனால் எல்லா இடத்திலும் நிற்கும்.

அதே அவுட்லுக்கில் இன்னொரு புகார் அடிக்கடி வரும்: "சிலருக்கு மட்டும் லோகோ போகவில்லை சார்." ஒவ்வொரு சிக்னேச்சரையும் அந்த மென்பொருள் மூன்று கோப்புகளாக வைத்திருக்கும். ஒன்று எச்டிஎம்எல், ஒன்று ஆர்டிஎஃப், ஒன்று அலங்காரமே இல்லாத வெறும் எழுத்து. நமக்கு வந்த மெயில் வெறும் எழுத்து வடிவில் இருந்தால் பதிலும் அதே வடிவில் போகும். அப்போது மூன்றாவது கோப்புதான் ஒட்டப்படும். அதில் படம் இருக்க வழியில்லை. யாரும் அந்த மூன்றாவதைத் திறந்து பார்ப்பதில்லை என்பதால், அதற்குள் பெயர், பதவி, எண் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு கிடக்கும். வரி வரியாகப் பிரித்து எழுதிவைத்தால் தீர்ந்தது. பதில் மெயிலில் சிக்னேச்சரே வரவில்லை என்றால் காரணம் இன்னும் எளிது. புது மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டாவதில் 'எதுவுமில்லை' என்றிருக்கும்.

லோகோ விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறு கூகுள் டிரைவ் படம். டிரைவில் இருக்கும் படத்தைச் சிக்னேச்சரில் சேர்க்கிறார்கள். அனுப்பியவருக்கு அது பளிச்சென்று தெரிகிறது, ஏனென்றால் அந்தக் கணக்கில் அவர் நுழைந்திருக்கிறார். எதிர்முனையில் இருப்பவருக்கு அனுமதி இல்லை. அவருக்கு உடைந்த படச்சட்டம்தான் தெரியும். அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பகிர்ந்துவிட்டால் சரியாகிவிடும். மாறாக, படத்தை மெயிலுக்குள்ளேயே பொதிந்தால் சில மென்பொருள்களில் அது இணைப்பாகத் தோன்றி, ஒவ்வொரு மெயிலிலும் ஏதோ ஆவணம் வந்திருப்பதாக ஏமாற்றும். மெயிலில் பொதியும்போது படத்தின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கறுப்பு எழுத்து லோகோவைப் பின்னணி இல்லாத படமாக வைத்திருப்பவர்கள், போனில் இருள் பயன்முறையைப் போட்டு ஒருமுறை பார்க்கட்டும். கறுப்பின்மேல் கறுப்பு.

எதுவாக இருந்தாலும் தொலைபேசி எண்ணையும் பெயரையும் படத்துக்குள் எழுதிவைக்கவே கூடாது. அவுட்லுக் பல நேரம் வெளியிலிருந்து வரும் படங்களை அனுமதி கேட்காமல் காட்டாது. படம் மறைந்தால் மனிதரே மறைந்துபோவார்.

இனி தமிழுக்கு வருவோம். தமிழில் டெம்ப்ளேட் வைத்திருக்கும் பள்ளிகள், அறக்கட்டளைகள், தமிழ்ச் சங்கங்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் ஒரே வாக்கியம்தான்: "தமிழ் எழுத்து உடைந்து போகிறது." உடைவதில் நான்கு வகை உண்டு. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதிர்முனையில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், தமிழ் அனுப்புகிற இடத்திலேயே செத்துவிட்டது. தமிழுக்கு இடமே இல்லாத மேற்கத்தியக் குறியாக்கத்தில் மெயில் போயிருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி வைக்கப்பட்டுவிட்டது. வாங்கியவர் என்ன செய்தாலும் மீட்க முடியாது. அனுப்புகிறவர்தான் வெளிச்செல்லும் மெயிலின் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்ற வேண்டும். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' அடையாளமும் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். தமிழ் உயிரோடு இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள். அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக எதிர்முனை படிக்கிறது, அவ்வளவுதான். அங்கே குறியாக்கத்தை மாற்றிப் பார்த்தால் எழுத்துகள் திரும்பிவிடும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துரு வந்துவிட்டதால் கணினிகளில் இது இப்போது அபூர்வம்.

நான்காவது வகைதான் மனதைப் பிசைகிறது. வணக்கம் என்று தட்டச்சு செய்தது எதிர்முனையில் டி, இசட், எஃப், ஓர் அரைப்புள்ளி, எஃப், கே, இன்னோர் அரைப்புள்ளி என்று போய் நிற்கும். அது பாமினி எழுத்துரு. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உருவம் கழன்றுவிடுகிறது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகும், பழைய வேர்ட் கோப்புகளில் பாமினி சுற்றறிக்கைகள் இன்னும் இருக்கின்றன. அதிலிருந்து நகலெடுத்து டெம்ப்ளேட்டில் ஒட்டுகிறார்கள். ஒரு பள்ளியில் இப்படி ஒரு கட்டண அறிவிப்பு பெற்றோர் எல்லாருக்கும் போய், அவர்கள் படிக்க முடியாமல் அலைந்தார்கள். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே டெம்ப்ளேட்டுக்குள் விட வேண்டும். வேர்டிலிருந்து எதை எடுத்தாலும் வடிவமில்லாமல் ஒட்டுவது நல்லது. இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள் கூடவே வந்து மெயிலைக் கனமாக்கும். 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி, முழுச் செய்தியைக் காணத் தனியே சொடுக்கச் சொல்லும். வெட்டுப்படுவது கடைசிப் பகுதி. சிக்னேச்சர் இருப்பதும் அங்கேதான்.

பெயர் நிரப்பும் டெம்ப்ளேட்டுகளில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் உள்ள பெயரை முதல் இடைவெளியில் வெட்டி, முன்பாதியை முதற்பெயராக எடுக்கும்படி பல கருவிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நம் பெயரின் முன்பாதி பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்து. மெயில் "அன்புள்ள கே," என்று தொடங்கும். அறுபது வயது ஆசிரியர் ஒருவருக்கு அப்படிப் போனதைப் பார்த்து எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பட்டியலில் 'அழைக்கும் பெயர்' என்று தனிப் பத்தி வைத்து, கையால் நிரப்பிவிட வேண்டும். அது காலியாக இருந்தால் 'ஐயா / அம்மா' என்று வருமாறு ஒரு மாற்றையும் வைக்க வேண்டும்.

வேற்றுமை உருபு இன்னொரு கண்ணி. பெயருக்குப் பின்னால் 'உக்கு' என்று டெம்ப்ளேட்டில் எழுதிவைத்தால் குமாருக்கு அது 'குமார்உக்கு'. செல்விக்கு அது 'செல்விஉக்கு'. சுந்தரத்துக்கு அது 'சுந்தரம்உக்கு'. பெயரின் ஈறு மாறும்போது உருபும் மாறும் மொழியில், இட்டு நிரப்பும் பெயரோடு எதையும் ஒட்டக் கூடாது. ஓர் இடைவெளி விட்டு 'அவர்களுக்கு' என்று போட்டால் எந்தப் பெயரும் தடுமாறாது, மரியாதையும் தானாக வந்துவிடும்.

இரண்டு மொழிகளில் புழங்கும் அலுவலகங்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரத்திலிருந்து வருவது. 2008-ல், கனரக வாகனங்கள் நுழையக் கூடாது, இது குடியிருப்புப் பகுதி என்ற பலகைக்கு வெல்ஷ் மொழிபெயர்ப்பு கேட்டு நகர மன்றம் மெயில் அனுப்பியது. வெல்ஷில் உடனே பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் பொறித்துச் சாலையோரம் நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் படித்தபோதுதான் புரிந்தது: அது மொழிபெயர்ப்பாளரின் தானியங்கிப் பதில். தான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவைக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகை கழற்றப்பட்டது. விடுப்புப் பதிலை இரு மொழியிலும் எழுதி, தலைப்பிலேயே 'தானியங்கிப் பதில்' என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. தமிழில் மட்டும் விடுப்புப் பதில் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தாலும் நிலைமை இதுதான்.

சிறிய கோடு ஒன்று செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். இரண்டு சிறுகோடுகள், ஒரு வெற்றிடம், அந்த வரியில் வேறெதுவும் இல்லை. இதற்குக் கீழே உள்ளது சிக்னேச்சர் என்பது பழைய இணைய விவாதக் குழுமமான யூஸ்நெட் காலத்து வழக்கம். தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்கள் இன்றும் அதை மதித்து, கீழே உள்ளதை மங்கலாக்கிக் காட்டும். பதில் எழுதும்போது அதை விட்டுவிடும். ஒரு கணக்காளர் தன் டெம்ப்ளேட்டில் அழகுக்காக இப்படி ஒரு கோடு போட்டு, அதன் கீழே வங்கிக் கணக்கு விவரங்களை வைத்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவரின் பதில்களில் மட்டும் அந்த விவரம் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. கோட்டை எடுத்தோம். நின்றது.

நிறுவனத்தின் சர்வரே அடிக்குறிப்பு ஒட்டும் இடங்களில், ஆள் வைத்த சிக்னேச்சரும் சர்வர் வைத்ததும் இரட்டிக்கும். இரண்டில் ஒன்று போதும். பதவி விவரத்தைப் பணியாளர் பட்டியலிலிருந்து எடுக்கும்படி அமைத்திருந்தால், அந்தப் பட்டியலில் காலியாக உள்ளவை மெயிலிலும் காலியாகவே வரும். அடிக்குறிப்பைத் திருத்துவதற்கு முன் பட்டியலைத் திருத்த வேண்டும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் பதினோரு டெம்ப்ளேட்டுகளையும் அன்று மாலையே சுத்தம் செய்தார். சிக்னேச்சரையும் புதிதாக அமைத்துத் தரச் சொன்னார். அட்டவணை முறையில் நான்கு வரி, சிறிய லோகோ, போட்டு முடித்தோம். மேலே ஆங்கிலப் பெயருக்கு அடுத்து, தமிழிலும் தன் பெயரைச் சேர்க்கலாமா என்று தயங்கிக் கேட்டார். ஜெர்மனியில் உடைந்து போய்விடுமோ என்ற பயம். சேர்த்தோம். மூன்று முகவரிகளுக்கு அனுப்பிப் பார்த்தோம். பிறகு பையருக்கு அனுப்பி, திரையைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டோம். மறுநாள் போட்டோ வந்தது. தமிழ்ப் பெயர் ஒரு புள்ளிகூட விலகாமல் இருந்தது. கூடவே பையர் ஒரு கேள்வி எழுதியிருந்தார், இம்முறை சரியான பெயரைச் சொல்லி: அந்த இரண்டாவது வரியை எப்படி உச்சரிக்க வேண்டும்?