பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பக்கத்து வீட்டாரிடம் நம்பிக்கையைப் பகிர, பிரசங்கம் பண்ணத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1913இல் கொல்லிமலையில் குடியேறிய மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட், மலைமக்களின் காலில் வெளிவரும் நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தெடுப்பார். எத்தனை பொறுமை! 1929இல் அவர் காய்ச்சலில் இறந்தார். மனைவி ஈவ்லினோ முதுமையிலும் மலைக்கே திரும்பினார். 1974இல் இறக்கும்வரை மலைமக்களுக்காகவே உழைத்தார்.

நீங்களும் அதே பொறுமையோடு அன்பைச் செயலில் காட்டலாம். அக்கம்பக்கத்தில் யாருக்காவது காய்ச்சலா? கஞ்சி வைத்து எடுத்துப் போங்கள். வாங்கிய கைமாற்றை முதலில் திருப்பிக் கொடுங்கள். கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுப்பதோடு நிற்காமல், அவர்கள் வீட்டுப் பொங்கலையும் மனசார வாங்கிச் சாப்பிடுங்கள். அவர்கள் சாமியைக் குறைசொல்லவே கூடாது. “ஜெபிக்கட்டுமாக்கா?” என்று கேளுங்கள்; சம்மதித்தால் மட்டும், சுருக்கமாக. உங்கள் நம்பிக்கையைப் பற்றி அவர்களாகக் கேட்கும்போது வசனங்களை அடுக்காமல், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.