பூட்டீன்: ஒரு கனடிய உணவும் அதன் அறிவியலும்

சென்ற கோடை விடுமுறையில், மான்ட்ரியல் நகரில் வாழும் என் அக்காள் தன் எட்டு வயது மகனுடன் காட்டாங்குளத்தூரிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாளே, "பாட்டி, எனக்குப் பூட்டீன் வேண்டும்" என்று சிறுவன் அடம்பிடித்தான். தமிழ் சரளமாக வராத பேரனிடம் பேச வழி தேடிக்கொண்டிருந்த என் தாயார், உடனே அடுப்பை மூட்டிவிட்டார். முதல் முயற்சி தோல்வியுற்றது. அத்தோல்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பூட்டீன் என்பது பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தூவி, சூடான குழம்பை ஊற்றி உண்பதாகும். 1950களின் பிற்பகுதியில் கியூபெக் மாநிலத்தின் கிராமப்புற உணவகங்களில் இது தோன்றியது. வார்விக், டிரம்மண்ட்வில் ஆகிய ஊர்கள் இதற்கு உரிமை கொண்டாடுகின்றன. பால்வளம் மிக்க அப்பகுதியில் புதிய பாலாடைக்கட்டி எளிதில் கிடைத்தது.

எங்கள் முதல் பிழை பனீர். அது உருகவேயில்லை. ஏன்? கொதித்த பாலில் எலுமிச்சைச் சாற்றை விட்டுத் திரிக்கும்போது, பாற்புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைப் புளிப்பு பெருமளவு கரைத்துவிடுகிறது. ஆகவே பனீர் சூட்டில் இளகுவதில்லை. கியூபெக் கட்டியோ ரென்னட் என்னும் நொதியால் உறைய வைக்கப்படுவது; அதில் கால்சியம் தங்குவதால் சூட்டில் இளகும். அது புதிதாக இருக்கையில் கடித்தால் 'கீச்'சென ஒலிக்கும். நம் ஊரில் அதற்கு மாற்றாக, மொசரெல்லாவைப் பிய்த்துப் போடலாம்.

இரண்டாவது பிழை, கிழங்கை ஒரே முறை பொரித்தது. குழம்பு பட்டதும் அது துவண்டுவிட்டது. விரற்கனத்தில் நறுக்கி, அரைமணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். முதலில் 150 பாகை செல்சியஸில் ஐந்தாறு நிமிடம் பொரித்தால் உள்ளே வேகும். ஆறவிட்டு, 190 பாகையில் மீண்டும் இரண்டு, மூன்று நிமிடம் பொரித்தால் மேற்புற ஈரம் நீங்கி மொறுமொறுக்கும்.

குழம்புக்கு, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவைப் பழுப்பாக வறுத்து, வெங்காயமும் காளானும் வேகவைத்த நீர் இரண்டு கோப்பை சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். உப்பும் மிளகும் போதும். கிழங்கு, கட்டி, கொதிக்கும் குழம்பு என்ற வரிசையில் பரிமாறி உடனே உண்ண வேண்டும்.

இரண்டாம் முறை சிறுவன் தட்டை வழித்து உண்டான். மறுநாள் காலை, பாட்டியின் அருகில் அமர்ந்து, பழைய சோற்றையும் சின்ன வெங்காயத்தையும் தானாகவே கேட்டுச் சுவைத்தான். ஒருவரது உணவை மதித்துச் சமைத்தால், அவர் நமது உணவையும் நாடி வருவார் என்பதை அன்று கண்டேன்.