கொண்டல் வீசும் வீட்டில் ஒரு புல்லட்

அன்புத் தம்பிக்கு,

அப்பாவின் புல்லட்டைக் கடலோரக் காரைக்கால்மேட்டு வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்யப் போவதாக எழுதியிருந்தாய். எந்தப் பெயின்ட் நல்லது என்பதுதான் உன் முதல் கேள்வி. அது இப்போதைக்கு இருக்கட்டும். நீ பார்த்துப் படிக்கும் வீடியோக்காரர்கள் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துருதான் எதிரி. உனக்கு உப்பு.

வண்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த அதே வார்ப்பிரும்பு இஞ்சின். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் ஓடிய வடிவம் என்பதால் சாமான் கிடைக்கும். கிக்கர் இறங்கவில்லை என்றால் மேலே ஏறி மிதிக்காதே. பிளக்கைக் கழற்றி டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் விட்டுவிடு. பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசை. அலுமினியத்தில் இறுகிய போல்ட்டுக்குச் சுத்தியல் உதவாது. சூடு காட்டினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும்; பிடி தானே தளரும். இதை உன் ஊர்ப் படகு மெக்கானிக்குகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். உப்பில் இறுகியதைக் கழற்றுவதே அவர்கள் அன்றாட வேலை.

வீட்டில் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்டுவை: சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று வண்டி எங்கே நின்றது? கடல்நீர் ஏறியிருந்தால் பிரேம் குழாய்களுக்குள் இன்னும் சேறு இருக்கலாம். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளிருந்து அரிக்கும்.

இனி உப்பு. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி இரும்பு வெளுத்ததும் வேலை முடிந்ததென்று தோன்றும். குழிகளுக்குள் உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். காற்றின் ஈரத்தை இழுக்கும். மேலே பூசிய பெயின்ட் ஒரு மழைக்காலம் கடப்பதற்குள் கொப்புளம் கட்டும். ஆகவே சுரண்டு, கழுவு, காயவை, மறுபடி கழுவு. கைப்பம்புத் தண்ணீர் கரித்தால் அதைத் தொடாதே. மழைநீர் நல்லது, கடைசி அலசலுக்குப் பேட்டரி தண்ணீர் இன்னும் நல்லது. காய்ந்த பிரேமை ஓர் இரவு வீட்டுக்குள் வெறுமனே விட்டுப் பார். காலையில் எங்கெங்கே செம்புள்ளி முளைத்திருக்கிறதோ அங்கெல்லாம் உப்பு பாக்கி. சலிக்கும்தான். இதில் அவசரப்படுகிறவன் அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் மறுபடி உரிப்பான்.

பெயின்ட் அடிப்பதைப் பங்குனி, சித்திரைக்கு வைத்துக்கொள். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் முற்பகலில் பிரைமர் அடி. கடலிலிருந்து கொண்டல் திரும்பிவிட்டால் ஸ்ப்ரே கன்னை இறக்கிவிடு. ஈரக்காற்றில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து பனி பிடிக்கும், பெயின்ட் வெளுத்துப்போகும். ஒரு சிக்கல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் பழுதுபார்க்க ஏறும். லேத் பட்டறையில் உன் சிலிண்டரை யார் பார்ப்பார்கள்? போர் வேலையை மாசிக்குள் முடித்துவிடு. பிஸ்டனை முதலில் வாங்கி, அதைப் பட்டறைக்காரர் கையில் கொடுத்து, அந்த அளவுக்குப் போர் பண்ணச் சொல்.

டாங்கின் தங்கக்கோடு திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் ஒருவர் பிரஷ் பிடித்துக் கையால் இழுத்தது. பாதி தெரிந்தாலும் விட்டுவை, உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகாதே. பளபளப்புக்காக அதை அழிப்பது எனக்குச் சம்மதமில்லை. டாங்கின் உட்புறம் வேறு கதை: இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். நாள்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடு.

கிரைண்டரைத் தொடுமுன் இஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் துடைத்துப் படம் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக்கொள். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டும்போது அந்த எண்கள் தெளிவாகத் தெரியவேண்டும். அவற்றின்மேல் பட்டி பூசிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்