காலிக்கூட்டை எறியும் வில்

ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் பெரும் வேட்டைப் பிரியர் என்பது, பிழைப்பையோ படிப்பையோ தேடி ஐதராபாத்துக்கு வந்த நமக்கும் சில நாளில் தெரிந்துவிடுகிறது. அவர் மறைந்த 1911-க்குள் ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கி ஏறக்குறைய முழு வடிவம் பெற்றுவிட்டது. அதன் ஓர் உறுப்பைப் பற்றி, பௌதிகம் பயில்பவன் என்ற முறையில், எழுத விரும்புகிறேன்.

சுட்டபின் துப்பாக்கியை மடித்துத் திறந்தால் வெடித்த தோட்டாவின் காலிக்கூடு தானே தெறித்து விழும். வெடிக்காத தோட்டா சற்றே எழும்பி நிற்கும். இப்பாகுபாட்டைச் செய்வது எஜெக்டர். ஜோசப் நீதம் என்பவர் 1874-இல் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் பெரிதும் பரவியது தாமஸ் சவுத்கேட்டின் அமைப்பு.

அதன் தத்துவம் மடக்குக் கத்தியில் இருக்கிறது. அலகைத் திறக்கும்போது ஓரிடம் வரை வில் எதிர்க்கும். தாண்டியதும் அதே வில் அலகைச் சடக்கென்று தள்ளும். விசையின் கோடு அச்சின் மறுபுறம் போய்விடுவதே காரணம். முன்கட்டைக்குள் குழலுக்கொன்றாக உள்ள சிறு சுத்தியல்களும் அப்படித்தான். சுட்ட பக்கத்துச் சுத்தியலை ஒரு தண்டு அந்த எல்லைக்கப்பால் தள்ளுகிறது. சுடாத பக்கத்தில் தண்டு எட்டுவதில்லை.

பழுது பெரும்பாலும் எண்ணெயில் தொடங்குகிறது. துருவுக்கு அஞ்சி ஆண்டுதோறும் ஊற்றிய எண்ணெய் பிசினாக இறுகிவிடும். கூடு தெறிக்காமல் சோம்பி நிற்கும். நான் குடியிருக்கும் வீட்டுப் பெரியவரின் துப்பாக்கிக்கு, அவர் தகப்பனார் வைத்துப்போனதற்கு, நேர்ந்தது இதுவே. ஒரு பட்டறையில் கழுவிப் பார்க்காமலே தண்டின் முனையை அரத்தால் ராவிவிட்டார்கள். ராவிய எஃகு திரும்பி வருமா? இன்று வலப்பக்கம் எறிவதேயில்லை.

ஆகவே முதலில் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி மட்டும் இடவேண்டும். பிறகே சோதனை. துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்து, இரு குழலிலும் பொய்த்தோட்டா வைத்து, ஒரு விசையை மட்டும் இழுத்துத் திறந்தால் ஒன்றே தெறிக்க வேண்டும். இரண்டையும் இழுத்தால், குழல் ஏறக்குறைய முழுதும் மடிந்தபின் இரண்டும் ஒரே கணத்தில் தெறிக்க வேண்டும். முந்தினால் கூடு பின்தட்டில் மோதும்.

முன்கட்டையைக் கழற்றிய நிலையில் சுத்தியல் விழுந்துவிட்டால் கட்டை மீண்டும் பொருந்தாது. தட்டிப் பொருத்துவோர் உண்டு, ஆகாது. மேசையின் மரவிளிம்பில் அழுத்திச் சுத்தியலைப் பின்னுக்கு ஏற்றினால் எளிதில் பொருந்தும்.

வில்லை மாற்றுவதும் தேய்ந்த முனையைச் செப்பனிடுவதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவரே செய்யவேண்டிய வேலை. பெரியவர் இப்போது அத்தகைய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.