கைக்கு எட்டும் படை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பாதி கேள்வி, பாதி கோபம். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உன் நண்பன் உன் எக்ஸ்பாக்ஸைப் பார்த்து, "இதுல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸா? போடா" என்று சிரித்துவிட்டானாம். அவன் வாயை அடைக்க ஒரு பதில் வேண்டும் என்கிறாய். தருகிறேன், ஆனால் அது முழுக்க உன் பக்கம் இருக்காது.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் கேள். மவுஸ் இடத்தைச் சொல்லும் கருவி. கை இரண்டு அங்குலம் நகர்ந்தால் கர்சர் அதற்கேற்ப நகரும், கை நின்றால் நின்றுவிடும். கன்ட்ரோலரின் ஸ்டிக் இடத்தைச் சொல்வதில்லை. எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்பதை மட்டும் சொல்கிறது. சாய்த்துப் பிடித்திருக்கும்வரை கர்சர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டை விரலால் தொட்டுக் காட்டுவதற்கும், வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அதன் வாசலில் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இது. வேகமாகப் போனால் வாசலைத் தாண்டிவிடுவாய். மெதுவாகப் போனால் அதற்குள் எதிரி உன் களஞ்சியத்துக்குத் தீ வைத்திருப்பான். படையைச் சுற்றிக் கட்டம் இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் இந்த மூலைக்கு ஒரு பயணம், அந்த மூலைக்கு இன்னொரு பயணம்.

எல்லோரும் மவுஸைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால் கீபோர்டு இல்லாததுதான் பெரிய இழப்பு. குதிரைப்படைக்கு 1, வில்லாளிகளுக்கு 2 என்று எண் கொடுத்து வைத்துக்கொண்டு, மேப்பின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே தட்டில் அவர்களைப் பிடிப்போம் அல்லவா? கீபோர்டில் சுமார் நூறு விசைகள் உண்டு. உன் கன்ட்ரோலரில், ஸ்டிக்கை அழுத்துவதையும் சேர்த்து எண்ணினாலும், இருபதைத் தொடாது.

இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் கம்ப்யூட்டர் ஆட்டத்தைக் கன்சோலில் இறக்கியவர்கள் உண்டு. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட், 2000இல் நின்டெண்டோ 64க்கு வந்தது. உழைத்துத்தான் செய்திருந்தார்கள், ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதிகூட இருந்தது. ஆனால் ஆட்டம் மவுஸுக்குப் பிறந்தது. கட்டைவிரலால் கர்சரை இழுத்து இழுத்து அதை ஆடுவது, முறத்தில் தண்ணீர் சுமப்பது போலத்தான். உன் நண்பன் சிரிக்கும் சிரிப்பு அந்தக் காலத்தில் பிறந்த சிரிப்பு.

ஆனால் அவனுக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. எதிரிக்காகக் காத்திராமல் படை திரட்டிப் போரிடும் இந்த வகை ஆட்டத்துக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது 1992இல் வெஸ்ட்வுட் கம்பெனி செய்த டூன் 2. அதைச் செய்தவர்கள் தங்களுக்குத் தூண்டுதல் என்று சொன்னவற்றில் ஒன்று மேக் கம்ப்யூட்டரின் மவுஸ் வழிமுறை. இன்னொன்று ஹெர்சாக் ஸ்வை. அது 1989இல் ஜப்பானின் டெக்னோசாஃப்ட், சேகா மெகா டிரைவுக்காகச் செய்த கன்சோல் ஆட்டம். ஆக, கன்சோல் இந்தக் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த விருந்தாளி இல்லை, தாய்வழிச் சொந்தம்.

ஹெர்சாக் ஸ்வையில் கர்சர் என்று தனியாக எதுவும் கிடையாது. நீயே ஒரு போர் விமானம். தரையில் இறங்கினால் ரோபோவாக மாறுவாய். பணம் கொடுத்து டாங்கி வாங்க வேண்டும், வாங்கும்போதே அது என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையையும் சேர்த்து வாங்க வேண்டும். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு பறந்துபோய், வேண்டிய இடத்தில் இறக்க வேண்டும். ஸ்டிக்குக்கும் திசைப் பட்டனுக்கும் நன்றாக வருவது வண்டி ஓட்டுவதுதான் என்றால், தளபதியையே வண்டியாக்கிவிட்டார்கள்! எனக்கு இந்த வகையில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான். 2001இல் கேம்கியூபில் வந்த பிக்மினும் இதே தடம். கேப்டன் ஒலிமாரை நடத்திக்கொண்டு போய் விசில் ஊதினால் குட்டிப் பிராணிகள் ஓடிவந்து கூடும். அந்த விசில் வட்டம் வேறென்ன, மவுஸால் இழுக்கும் கட்டத்தின் வேலையைத்தான் செய்கிறது.

அடுத்தது ஹேலோ வார்ஸ், 2009, எக்ஸ்பாக்ஸ் 360. செய்தவர்கள் யார் தெரியுமா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸைச் செய்த அதே என்சம்பிள் ஸ்டூடியோஸ். மவுஸ் ஆட்டத்தில் ஊறியவர்கள், கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து யோசித்தார்கள். திரையில் தெரியும் படை முழுவதையும் பிடிக்க ஒரு பட்டன். மேப்பில் இருக்கும் மொத்தப் படையையும் பிடிக்க இன்னொரு பட்டன். ஒருவன்மேல் வைத்து இரண்டு முறை தட்டினால் அவன் இனத்தவர் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். கட்டடங்களைக் கண்ட இடத்தில் கட்ட முடியாது. தளத்தைச் சுற்றி அதற்கென்று மனைகள் பிரித்திருக்கும். மனையைத் தேர்ந்தெடுத்தால் வட்டமாக ஒரு மெனு விரியும், எந்தத் திசையில் சாய்க்கிறாயோ அந்தக் கட்டடம். இடம் சொல்லத் தடுமாறும் ஸ்டிக், திசை சொல்வதில் கெட்டி. வட்ட மெனு அந்தப் பலத்தின்மேல் கட்டப்பட்டது. ஆட்டம் கடைக்கு வருவதற்கு முந்தைய மாதமே அந்த ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது என்பது தனிச் சோகம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2008இல், யுபிசாஃப்டின் எண்ட்வார் வேறொரு வழியைப் பிடித்தது. ஹெட்செட்டில் வாயால் கட்டளை இடலாம். யார், என்ன செய்ய, எதன்மேல் என்று மூன்று துண்டாக: யூனிட் ஒன்று, அட்டாக், ஹோஸ்டைல் இரண்டு. அந்த வழியை அதிகம் பேர் தொடரவில்லை. ஆனாலும் இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கட்டளைக்குள் இருப்பது இந்த மூன்றுதான் என்று அது அம்மணமாகக் காட்டிவிட்டது. நீ பிற்காலத்தில் ஆட்டம் செய்யப் போவதாகச் சொல்கிறாயே, எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் இந்த மூன்றையும் கை எப்படிச் சொல்கிறது என்று பார்த்துப் பழகு.

இப்போது உன் ஆட்டம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் 2023 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது, நான்காம் பாகம் அதே ஆண்டு ஆகஸ்டில். அடிப்படை ஆட்டம் கம்ப்யூட்டரில் உள்ளதேதான். அப்படியானால் பழைய பிழையே திரும்ப நடந்திருக்க வேண்டும். நடக்காமல் காத்தது, உணவும் தங்கமும் சேர்க்கும் வில்லேஜர்களைத் தானாக வேலைக்கு அனுப்பும் ஏற்பாடு. உணவுக்கு அதிகம், தங்கத்துக்குக் கொஞ்சம் என்று நீ முன்னுரிமை சொல்லிவிட்டால், ஆட்களை ஆட்டமே பிரித்து அனுப்பும். உன் நண்பன் இதைத்தான் "ஏமாற்று" என்பான். நான் அப்படி நினைக்கவில்லை. எத்தனை பேர் வயலுக்கு, எத்தனை பேர் சுரங்கத்துக்கு என்ற முடிவு இன்னும் உன்னுடையதுதான். ஒவ்வொருவராகக் கிளிக் செய்து அனுப்பும் கூலி வேலை மட்டும் போயிற்று.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கல்லூரி நாட்களில் ப்ரவுசிங் சென்டரில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து இரண்டாம் பாகம் ஆடுவோம். வேலையில்லாமல் நிற்கும் ஒரு வில்லேஜரை ஐந்து நிமிடம் கழித்துக் கண்டுபிடித்து நான் தலையில் அடித்துக்கொண்டது எத்தனை தடவை! அந்த ஐந்து நிமிட நஷ்டம்தான் எனக்குக் கணக்கு கற்றுக்கொடுத்தது. ஆட்டமே கவனித்துக்கொண்டால் அந்தப் பாடம் கிடைக்காது.

கைவேகமும் அப்படியே. கொரிய ஸ்டார்கிராஃப்ட் வீரர்கள் நிமிடத்துக்கு முந்நூறு செயல்களுக்கு மேல் செய்வார்கள். தவில்காரர் விரலைப் பார்ப்பது போல அதை வாய்பிளந்து பார்க்கலாம். அந்த வித்தை கன்ட்ரோலரில் வராது. 2010இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2ஐ, அதைச் செய்த பிளிசார்டு கம்பெனி எந்தக் கன்சோலுக்கும் கொண்டுவரவில்லை. சரியாகத்தான் செய்தார்கள் என்பேன்.

ஆகவே உன் நண்பனிடம் இப்படிச் சொல்: விரலின் வேகம் ஜெயிக்கும் ஆட்டம் கம்ப்யூட்டரில்தான் வாழும், அதில் அவன் சொல்வது சரி. எதைக் கட்டுவது, எப்போது பாய்வது, எந்த மூலையைக் கைவிடுவது என்ற முடிவு ஜெயிக்கும் ஆட்டம் சோபாவில் உட்கார்ந்தாலும் நன்றாக வரும், கன்ட்ரோலரை மனதில் வைத்து யோசித்துச் செய்திருந்தால். கன்சோலில் ஆடுகிறவர்களுக்கு யோசிக்கப் பொறுமை கிடையாது என்று அவன் சொன்னானாமே, அதற்குப் பதிலே தேவையில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு வேலை செய். அதே மேப், அதே எதிரி. முதல் ஆட்டத்தில் வில்லேஜர் ஏற்பாடு தானாக ஓடட்டும். இரண்டாவதில் அதை அணைத்துவிட்டு ஒவ்வொருவரையும் நீயே அனுப்பு. மூன்றாவதாக, எக்ஸ்பாக்ஸிலேயே மவுஸையும் கீபோர்டையும் சொருகி ஆடு, அந்த ஆட்டம் அதற்கும் இடம் தருகிறது. எந்த ஆட்டத்தில் எந்த நிமிடத்தில் கை தடுமாறியது என்று ஒரு நோட்டில் குறித்து எனக்கு அனுப்பு. அம்மாவிடம், டிவியைக் கேட்டது மாமாதான் என்று சொல்லிக்கொள்.

அன்புடன்,
மாமா