காப்பகத்தில் காலி, வீட்டில் அழுகை!

கேள்வி: டோக்கியோவில் வசிக்கிறோம். ஒன்றரை வயது மகன், குழந்தைகள் காப்பகத்தில் கொடுக்கும் முட்டைச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுகிறானாம். வீட்டில் வாயே திறப்பதில்லை. அதை எப்படிச் செய்வது?
– ஒரு வாசகி, நிஷிகசாய்

பதில்: அது பெரும்பாலும் 'ஓஜியா'வாக இருக்கும். மீந்த சோற்றை 'தாஷி' சாற்றில் வேகவைத்துக் குழைப்பதுதான் அது. ருசியின் சூட்சுமம் அந்தச் சாற்றில் இருக்கிறது.

உள்ளங்கை அளவு 'கொம்பு' என்னும் உலர்ந்த கடற்பாசியை அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் சூடாக்குங்கள். ஓரத்தில் குமிழி கிளம்பியதும் பாசியை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். ஒரு கைப்பிடி 'கட்சுவோபுஷி' என்னும் உலர்மீன் சீவலைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். கடையில் விற்கும் தாஷிப் பொடியில் பெரும்பாலும் உப்பு இருக்கும். குழந்தைக்கென்றால் உப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு கப் சாற்றில் அரை கப் ஜப்பானிய அரிசிச் சோறு, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய கீரை சேர்த்துப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். அடித்த முட்டையை ஊற்றிக் கிளறி, முழுதாக வேகும்வரை விடுங்கள். அரைவேக்காடு பெரியவர்களோடு இருக்கட்டும். கடைசியில் இரண்டு சொட்டு சோயா சாஸ் போதும்.

சோற்றைக் கழுவிப் போடாதீர்கள். கழுவாத சோற்றின் கெட்டித்தன்மை இருந்தால்தான் கரண்டியில் நிற்கும். பிள்ளை தானே அள்ளிச் சாப்பிடுவான். மேலே 'நோரி' என்னும் கடற்பாசித் தாள் தூவும் ஆசை வேண்டாம். மேலண்ணத்திலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும்.