லாரியின் பின்பக்கம் யாருக்காக?

எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகும் லாரியில் எல்லாம் புதிதாக இருக்கும். பளபளக்கும் ஸ்டிக்கர், பெயின்ட் காயாத பின்கம்பி, உறை பிரிக்காத தீயணைப்புக் கருவி. பாதுகாப்புச் சாதனம் என்றால் ஆர்டிஓ ஆபீசில் காட்டுவதற்கான பொருள் என்ற எண்ணம் தொழிலில் பலரிடம் ஊறிவிட்டது. என்ன விலை என்று கேட்கிறார்கள், எப்படி வேலை செய்யும் என்று கேட்பவர் குறைவு. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பின்னால் வந்த வண்டி முன்னால் போன வண்டியில் மோதியவை. அதனால் லாரியின் பின்பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

"பின்னால் ஒரு பைப்பை வெல்டு வைத்துவிட்டால் போதும்." பாடி கட்டும் பட்டறைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. அந்தக் கம்பி லாரியைக் காப்பாற்ற வைத்ததல்ல. பின்னால் வந்து மோதும் காருக்காக வைத்தது. காரின் பானெட் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த அதிர்ச்சியை உணர்ந்து ஏர்பேக் விரிய வேண்டும். இரண்டும் நடக்க, காரின் முன்பகுதி எதிலாவது முட்டியாக வேண்டும். லாரியின் தளமோ பானெட்டைவிட உயரத்தில் இருக்கிறது. கம்பி இல்லையென்றால் கார் தளத்துக்கு அடியில் புகுந்துவிடும். முதல் அடி முன்கண்ணாடியில், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு நேராக விழும். அமெரிக்க நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் 1967-இல் இப்படித்தான், டிரெய்லர் ஒன்றின் பின்னால் கார் மோதி இறந்தார். அங்கே இந்தக் கம்பிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கம்பியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பல டன் விசையைத் தாங்கும் தாங்கிகளால் அதைச் சேஸில் போல்ட் போட்டுப் பிணைத்திருக்க வேண்டும். தளத்தின் விளிம்பிலிருந்து தொங்கும் மெல்லிய பைப் முதல் மோதலிலேயே மடங்கிப்போகும். குவாரிக்குள் இடிக்கிறது என்று டிப்பர்களில் அதை அறுத்தே எடுத்துவிடுகிறார்கள். அவர்களின் சிரமம் உண்மைதான். ஆனால் மேலே மடக்கிப் பூட்டும் வகைகளும் இருக்கின்றன. குவாரியை விட்டுத் தார் ரோட்டுக்கு ஏறும்போது இறக்கிப் பூட்டினால் போதும். பக்கவாட்டுக் கம்பிக்கும் இதே நியாயம்: பைக்கில் போகிறவர் சறுக்கினால் பின்சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுப்பது அதுதான்.

அடுத்து ஸ்டிக்கர். "மினுங்கினால் சரி" என்பது நம்பிக்கை. பகலில் மினுங்கும் பட்டை இரவில் செத்துக் கிடக்கலாம். நல்ல பட்டைக்குள் இருக்கும் நுண்ணிய பட்டகங்கள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது எரியும் விளக்குபோல் தெரிகிறது. போலிப் பட்டை ஒளியை நாலாபக்கமும் சிதறவிடும். கடையிலேயே சோதிக்கலாம்: இருட்டான மூலையில் பட்டையை வைத்து, பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணருகே பிடித்து அடித்துப் பாருங்கள். தரச்சான்றுக் குறி பட்டையிலேயே இடைவெளி விட்டு அச்சாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது விதி.

இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் பார்த்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்க ஏறத்தாழ 70 மீட்டர் வேண்டும். டிம் லைட்டில், விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் லாரி சுமார் 50 மீட்டரில்தான் கண்ணில் படும். குறைகிற அந்த 20 மீட்டரில்தான் உயிர் போகிறது. நல்ல பட்டை சில நூறு மீட்டருக்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அதன்மேல் சேறு படிந்தாலும், தார்ப்பாயின் ஓரம் தொங்கி மறைத்தாலும் கொடுத்த காசு வீண். லோடு கட்டி முடித்ததும் பின்னால் போய் நின்று ஒரு பார்வை பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

பிரேக்டவுன் ஆனால் கல்லும் மரக்கிளையும் போதும் என்பார்கள். கல் இருட்டில் தெரியாது. வண்டி கிளம்பிப் போன பிறகும் அங்கேயே கிடக்கும், அடுத்து வரும் பைக்குக்காக. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டியின் காலடியிலேயே வைப்பதும் பயனில்லை. மேலே சொன்ன 70 மீட்டரை நினைத்தால், நெடுஞ்சாலையில் நூறு மீட்டராவது பின்னால் போய் வைக்க வேண்டும் என்பது புரியும்.

பிரேக் விஷயத்தில் நம்பிக்கைகள் இன்னும் ஆழம். "ஏபிஎஸ் இருக்கிறது, சட்டென்று நிற்கும்" என்கிறார்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் ஈர ரோட்டிலும் ஸ்டீயரிங் கட்டுப்படும், டிரெய்லர் மடங்கி அடிக்காது. தளர்ந்த ஜல்லியில் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். இறக்கத்தில் சூடேறிப்போன டிரம்மை அது காப்பாற்றாது. தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் லோடு வண்டிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகளில் பாய்வதை ஆண்டுதோறும் படிக்கிறோம். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூட்டில் விரிகிறது, லைனிங் பிடிப்பை இழக்கிறது. மிதி இருக்கும், பிடி இருக்காது. இதற்கான சாதனம் ஏற்கெனவே வண்டியில் உண்டு: எக்ஸாஸ்ட் பிரேக்கும் கீழ் கியரும்.

அந்த இரண்டையும் ஒரே அடியில் கொல்வது, நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை. இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் கியர் போட்டபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் எரிகிறது. ஆக மிச்சமும் இல்லை, எக்ஸாஸ்ட் பிரேக்கும் இல்லை. இந்த ஒரு தகவலை ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட் ஆபீசிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிலவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். முன்னால் மாட்டும் கனத்த கிராஷ் கார்டு ஆளை அடித்தால் காயத்தைக் கூட்டும். இவற்றைத் தடுக்கும்படி மத்திய அரசு 2017-இலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அதிக வாட் பல்பு எதிரே வருபவரைக் குருடாக்கும், ஹோல்டரையும் உருக்கும். தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் இருக்க வேண்டும். படுக்கைக்கு அடியில் திணித்து வைத்தால் தீப்பிடித்த நேரத்தில் கைக்கு வராது. "பெல்ட் போட்டால் குதித்துத் தப்ப முடியாது" என்பார்கள். கவிழும் வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுபவர் பெரும்பாலும் அதே வண்டிக்கு அடியில்தான் சிக்குகிறார்.

கடைசியாக, கேபின். "ஏசி போட்டால் டிரைவர் தூங்கிவிடுவார்" என்று முதலாளிகள் பலர் இன்னும் நம்புகிறார்கள். எஞ்சின் சூடும் மே மாத வெயிலும் சேர்ந்து வேகவைக்கும் கேபினில்தான் உடல் நீர் வற்றி, தலை கனத்து, கவனம் சிதறுகிறது. 2025-இல் நடப்புக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினுக்கு ஏசி கட்டாயம். பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது, அவற்றில் போட்டுக்கொடுப்பது முதலாளியின் மனசு.

தூக்கம் ஏசியால் வருவதில்லை, மணிக்கணக்கால் வருகிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. இன்று வடக்கே போகும் பல வண்டிகளில் கிளீனரும் இல்லை, மாற்று டிரைவரும் இல்லை. ஒரே ஆள் ஓட்டுகிறார், சமைக்கிறார், லோடுக்குக் காவலிருக்கிறார், மறுபடி ஓட்டுகிறார். தூக்கத்தைக் கண்டுபிடித்து அலறும் கேமராக்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. வாங்கி மாட்டுங்கள், தவறில்லை. அது அலறும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் இரண்டு மணி நேரம் படுக்கலாம், தாமதத்துக்காகப் பேட்டாவில் கை வைக்க மாட்டேன் என்ற வாக்குறுதியையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.